சிங்கப்பூரில் ஒரு நெஞ்சுவலி

சிங்கப்பூருக்குப் போய் ஒரு வாரமாவது ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வருவது என்று பொன்னுத்துரை முடிவு செய்தபோது அவர் உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது.

மற்றவர்கள் சிங்கப்பூர் போனால் டேப் ரெக்கார்டர் வாங்குவார்கள், சென்ட் பாட்டில் வாங்குவார்கள், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பொன்னுத்துரைக்கு அந்தச் சின்ன ஆசைகள் இல்லை. அவருடைய ஆசை ஏசி அறை. பட்டனை அமுக்கினால் தலைப்பக்கம் தானே எழும்புகிற கட்டில். நறுக்கிக் கொண்டுவந்து வைக்கிற ஆப்பிள். 'எழுந்திரிங்க' என்று சொல்ல ஆள் இல்லாத ஏழு நாள்.

அவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். வயசு ஐம்பத்து நாலு. உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர்களைக் கிளப்புவதுதான் உத்தியோகம். "ஏலே, அய்யலூர் வண்டிய எடுலே! ரெட்டியார்சத்திரம் வண்டி இன்னும் என்னலே நிக்குது?" என்று காலையிலிருந்து கத்துவார். ஊரையே நகர்த்துவார். அவர் நகரமாட்டார்.

வீட்டிலும் அதே கொள்கைதான். ஆனால் அங்கே கத்த முடியாது. அங்கே மனைவி சுப்புத்தாய் இருந்தாள். அதனால் வீட்டில் அவர் வலியை வைத்துக்கொண்டார்.

தண்ணீர் லாரி தெருமுனையில் ஹார்ன் அடித்தால் அவருக்கு நெஞ்சுவலி வரும். ரேஷன் கடையில் சீமெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்றால் மூட்டுவலி. மச்சினன் வீட்டு விசேஷம் என்றால் கிறுகிறுப்பு. தேங்காய் துருவச் சொன்னால் வலது கை மரத்துப்போகும். ஒவ்வொரு வலியும் வேலை முடிகிற வரைக்கும் இருக்கும். ஒரு நிமிஷம் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. தண்ணீர் லாரி போன மறுநொடி எழுந்து உட்கார்ந்து, "காப்பி போட்டியா?" என்பார்.

இப்படி இருபத்தேழு வருஷம். சுப்புத்தாய் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அவரை ஒரு பார்வை பார்ப்பாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தோடு கிளம்பிவிடுவாள். அவள் நம்புகிறாளா இல்லையா என்று பொன்னுத்துரைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயற்சி செய்ததும் கிடையாது.

1987 சித்திரையில் மாப்பிள்ளை அசோக்குமாரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். மகள் மாலதிக்கு எட்டாம் மாசம். டாக்டர் அவளை விமானம் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மாமாவும் அத்தையும் மூன்று மாசம் அங்கே வந்து இருக்கவேண்டும். டிக்கெட்டு அவர் செலவு. ஒரே ஒரு நிபந்தனை. 'இங்கே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரமுடியும். ஆகையால் இருவரும் அங்கேயே வெளிநாட்டு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு வரவும்.'

மறுநாள் சாயங்காலம் இன்சூரன்ஸ் ஏஜெண்டு சூசைமுத்து பையோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, வெளக்கமாச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. போன எடத்துல திடீர்னு ஒரு நோவு வருது. இல்ல, விழுந்து கைய கால ஒடிச்சுக்கிறீங்க. ஆஸ்பத்திரிச் செலவு, டாக்டரு, மருந்து, எக்ஸ்ரே எல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஆனா திடீர்னு வரணும். அங்க போயித்தான் வரணும். இங்கருந்து கொண்டுக்கிட்டுப் போகக் கூடாது."

"நெஞ்சுவலி வந்தா?"

"புதுசா இருந்தா ஆட்சேபனை இல்ல."

"பெட்டுல எத்தன நாள் போடுவாக?"

சூசைமுத்து பதினைந்து வருஷமாக இன்சூரன்ஸ் பிடிக்கிறார். பெட்டை விசாரித்த முதல் மனிதர் இவர்தான். "அதெல்லாம் டாக்டரு முடிவு, அண்ணே."

"ஏசி ரூமு?"

"அங்க எல்லாமே ஏசிதான்."

பொன்னுத்துரையின் முகத்தில் குளிர்காற்று அடித்தது. "அப்ப இதயத்துக்குக் கவர் இருக்குங்கிறீங்க."

காபியோடு வந்த சுப்புத்தாய், "இதயத்துக்கு எதுக்குங்க கவரு? தலகாணிக்கு ரெண்டு வாங்குங்க. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக் கெடக்கு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

சூசைமுத்து படிவத்தை விரித்தார். "இதுக்கு முந்தி அண்ணனுக்கு ஏதாச்சும் நோவு, வலி உண்டா?"

"ஒண்ணும் கெடையாது. எழுதுங்க."

"ஐயையோ!" என்று சுப்புத்தாய் பதறினாள். "எழுதிராதீங்கண்ணே! பொய் எழுதுனா என்னாகும்?"

"பாலிசி செல்லாது, தங்கச்சி. அங்க போயி மாட்டிக்கிருவீங்க."

"பாத்தீங்களா? நாளைக்கு அந்த ஊர்ல ஒண்ணு ஆனா நான் யாருக்கிட்டப் போயி நிப்பேன்? அண்ணே, நான் சொல்றேன், எழுதுங்க. நெஞ்சுவலி. வாரத்துக்கு ரெண்டு தடவ."

பொன்னுத்துரை கண்ணைக் காட்டினார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூட்டுவலி, ரெண்டு கால்லயும். முதுகுவலி, அரிசி மூட்டை வர்ற அன்னிக்கு. கிறுகிறுப்பு. வலது கை மரப்பு. குறுக்குப் பிடிப்பு. ஒட்டடை அடிக்கச் சொன்னா மூச்சடைப்பு. எங்க அண்ணன் வந்தா வயித்துப் பொருமல். கழுத்துச் சுளுக்கு, அதுவும் இந்தப் பக்கமுண்டு, அந்தப் பக்கமுண்டு."

படிவத்தில் அந்தக் கேள்விக்கு விட்டிருந்த இடம் ஒரு விரல் அகலம். சூசைமுத்து தனித்தாள் இணைத்தார். அதுவும் போதாமல் இன்னொன்று இணைத்தார். கடைசியில் பேனாவை மூடிவிட்டுப் பொன்னுத்துரையை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார்.

"அண்ணே, ஏற்கெனவே இருக்கிற நோவுக்குக் கம்பெனி தராது. அதக் கழிச்சுப் பாத்தா உங்க உடம்புல மிச்சம் இருக்கிறது எடது காதும் ரெண்டு புருவமுந்தான்."

"எடது காதும் கேக்காதுண்ணே" என்றாள் சுப்புத்தாய். "நான் கூப்பிட்டா மட்டும்."

"அப்ப புருவம்."

பொன்னுத்துரை விடவில்லை. "புருவத்துக்கு எத்தன நாள் பெட்டு குடுப்பாக?"

"புருவத்துக்கு பெட்டு இல்லண்ணே. பிளாஸ்திரிதான்."

ஏசி அறை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. கட்டில் போனது. ஆப்பிள் தட்டு போனது. பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார். தெருவை எட்டிப் பார்த்தார். குரலைப் பாதியாக்கினார்.

"சூசை, அதெல்லாம் சும்மா."

"சும்மான்னா?"

"சும்மாச் சொன்னது. அப்படி ஒண்ணும் வலிக்கல."

சுப்புத்தாய் நாடியில் கை வைத்துக்கொண்டு ரொம்ப அப்பாவியாகக் கேட்டாள். "எதெதுங்க சும்மா?"

"எல்லாந்தான்."

"மாலதி கல்யாணத்துக்குப் பந்தல் போடையில வந்த மூச்சடைப்பு?"

"சும்மா."

"மாடிக்கு ஓடு ஏத்தயில வந்த முதுகுவலி? மூணு நாள் கைத்தாங்கலா உங்களக் கொல்லைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேனே?"

"அதுவுந்தான், விடேன்."

"அண்ணே" என்றாள் சுப்புத்தாய், "இத எழுத்துல வாங்கிக்கிட்டா நல்லதில்ல? கம்பெனிக்காரக கேட்டாக் காட்டணும்ல."

சூசைமுத்து தொழிலில் சுத்தமான மனிதர். கார்பன் வைத்து எழுதினார். 'திண்டுக்கல் டவுன் பொன்னுத்துரை ஆகிய நான், எனக்குக் கல்யாணமான நாள் முதல் இன்று வரை என் மனைவியிடம் சொல்லிவந்த வலிகள் யாவும் உண்மையல்ல என்றும், நான் பூரண ஆரோக்கியத்தோடு இருந்துவருகிறேன் என்றும், எல்லா வேலையும் செய்யத் தகுந்தவன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' பொன்னுத்துரை கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் சுப்புத்தாய். கார்பன் பிரதியை அவள் நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வயசு ஐம்பதைத் தாண்டியதால் டாக்டர் சான்றிதழும் வேண்டுமாம். டாக்டர் முகமது பாரூக், அய்யலூர் சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோலப் பல்லைப் பார்த்தார், விலாவை அமுக்கினார், காலைத் தூக்கிப் பார்த்தார். ஈசிஜி எடுத்து, அந்த நீளக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நெஞ்ச நான் பாத்ததில்ல. குதிர நெஞ்சு. ஒரே நேரத்துல நாலு குடம் தண்ணி தூக்கலாம்."

"குடமா? குடத்தப் பத்தி யாரு சொன்னா?" என்றார் பொன்னுத்துரை.

சுப்புத்தாய் சுவரில் இருந்த காலண்டரை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பயணம் வரைக்கும் இருபத்தெட்டு நாள். இருபத்தெட்டு நாளும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போனவர் பொன்னுத்துரை. வரிசையில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கண்காட்சிக்கு வந்ததுபோலப் பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு மாசக் கஷ்டம், ஒரு வாரச் சொர்க்கம். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

பாலிசி வந்த அன்று சூசைமுத்து அதை நேரில் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வரிவரியாகச் சொன்னார். அவசரம் என்றால் எந்த நம்பருக்குப் போன் பண்ணவேண்டும் என்கிற வரைக்கும் கேட்டுவிட்டுப் பொன்னுத்துரை உள்ளறைக்குப் போய்விட்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது. மெத்தையை விரித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பழகினார். முதலில் முழங்காலை மடக்கவேண்டும். பிறகு ஒருக்களித்துச் சாயவேண்டும். தலை கடைசியாகத்தான் தரைக்கு வரவேண்டும்.

தொப்.

"என்ன தங்கச்சி, உள்ள சத்தம்?"

"பூனைங்கண்ணே. நீங்க அடுத்த வரிய வாசிங்க."

தொப்.

"ரொம்பப் பெரிய பூனையா இருக்கும் போலயே."

"ஆமாண்ணே, நல்லாத் தின்னு வளந்தது. ஒரு வரி விடாம வாசிங்க."

சிங்கப்பூரில் மாப்பிள்ளை வீடு பன்னிரண்டாவது மாடி. கூடம் ஒன்று, அறை ரெண்டு. போய் இறங்கிய நாலாம் நாள் மாலதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன பொன்னுத்துரை, பேத்தியை ஒரு நிமிஷம் பார்த்தார். கட்டிலை அரை மணி நேரம் பார்த்தார். பட்டன் இருந்தது. அமுக்கினார். மாலதியின் தலை மேலே போனது. இன்னொன்றை அமுக்கினார். கால் மேலே போனது.

"அப்பா, தையல் போட்டிருக்காகப்பா!" என்று மகள் அலறினாள். நர்ஸ் வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டாள். அவருக்கு அது அவமானமாகப் படவில்லை. பார்த்தது எல்லாம் நிஜம் என்கிற சந்தோஷம்தான்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பித்தது. அந்த ஊரில் துணி காயப்போடுவதற்கு மாடியும் இல்லை, கொடியும் இல்லை. ஆளைவிட இரண்டு மடங்கு நீளமான மூங்கில் கழியில் துணியைக் கோத்து, சமையலறை ஜன்னல் வழியாக ஆகாயத்தில் நீட்டி, வெளிச் சுவரில் உள்ள குழாயில் சொருகவேண்டும். ஈரத்துணி கோத்த கழி மாடு மாதிரி இழுக்கும். கீழே பன்னிரண்டு மாடி. சுப்புத்தாய் இந்த வேலையை அவருக்கு ஒதுக்கினாள்.

"நீங்கதான் எல்லா வேலையும் செய்யத் தகுந்தவருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்கள்ல."

முதல் நாள் ஆறு துணி. மறுநாள் பத்து. அதற்கப்புறம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இம்புட்டுக் குழந்தையிலிருந்து அம்புட்டுத் துணி எப்படி வருகிறது என்று பொன்னுத்துரைக்குப் புரியவில்லை. ஒருமுறை காய்ந்த துணியையும் அவள் நனைத்து வாளியில் போடுவதைப் பார்த்தமாதிரி இருந்தது. கேட்டதற்கு, "பூனை தொட்டுருச்சு" என்றாள். பன்னிரண்டாவது மாடியில் எந்தப் பூனை?

சிங்கப்பூர் வந்து பன்னிரண்டாம் நாள் காலை. சுப்புத்தாய் வாளியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இருபத்து ரெண்டு துணி. காயப்போட்டுட்டுச் செத்த நேரம் பிள்ளையத் தூக்கி வச்சுக்கங்க. அப்புறம் வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரிக்கணும். அப்புறம் கீழ போயி இருபது கிலோ அரிசி."

பொன்னுத்துரை வாளியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். காலம் கனிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

"சுப்பு... எனக்கு... நெஞ்சு..."

முழங்காலை மடக்கினார். வழியில் இருந்த டீப்பாயைக் கையால் ஒதுக்கிவிட்டு ஒருக்களித்தார். தலையைக் கடைசியாக இறக்கினார். திண்டுக்கல் மெத்தையில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறார். இப்படி ஒரு அழகான விழுகை அமைந்ததில்லை.

மாப்பிள்ளை அசோக்குமார் ஓடிவந்தார். மாலதி கத்தினாள். குழந்தையும் சேர்ந்துகொண்டது. சுப்புத்தாய் மட்டும் நிதானமாக, "மாப்பிள்ளை, பாலிசிக் காகிதம் இந்தாங்க, என் பையிலதான் இருக்கு. மொதல்ல இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க" என்றாள். கீழே கிடந்தவருக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். அவர் ஆம்புலன்ஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் சொர்க்கம். ஏசி அறை. கட்டில் ஏறியது, இறங்கியது. ஆப்பிள் வந்தது, ஆரஞ்சு வந்தது, பெயர் தெரியாத ஒரு சிவப்புப் பழமும் வந்தது. சீன டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தினம் வந்து வலி இருக்கிறதா என்று கேட்டார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பொன்னுத்துரை ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டு, "லேசா இருக்கு" என்றார்.

நாலாம் நாள் டாக்டரோடு டை கட்டிய ஒருவரும் வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியின் சிங்கப்பூர் ஆள். மாப்பிள்ளையும் சேர்ந்து மூவரும் இங்கிலீஷில் பேசினார்கள். சுப்புத்தாய் ஓரமாக நின்றிருந்தாள்.

"மாமா" என்றார் அசோக்குமார், "அவசர வைத்தியம் முடிஞ்சிருச்சாம். ஆனா உங்களுக்கு இன்னும் வலி இருக்கிறதால, மிச்ச வைத்தியத்த சொந்த ஊர்லதான் பாக்கணுமாம். பாலிசியில அப்படித்தான் இருக்கு. டிக்கெட்டு கம்பெனி செலவு. நாளைக்குக் காலையில பிளைட்டு."

பொன்னுத்துரை துள்ளி எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு வலியே இல்ல மாப்பிள்ளை! சுத்தமா இல்ல! இந்தா பாருங்க!" கையை வீசிக் காட்டினார்.

"அப்ப வந்த வலியும் பொய்யான்னு கேக்குறாரு. பொய்யின்னா கிளெய்ம் பண்ண முடியாதாம், ஆஸ்பத்திரி பில்ல நீங்கதான் கட்டணுமாம்."

"எவ்வளவு வந்துரும்?"

மாப்பிள்ளை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

"போன் நம்பர் எதுக்கு மாப்பிள்ளை? பில்லச் சொல்லுங்க."

"இதுதான் மாமா பில்லு."

பொன்னுத்துரை மெல்ல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தலையணையில் சாய்ந்தார். "மறுபடியும் வலிக்கிது" என்றார். இந்தத் தடவை கொஞ்சம் நிஜமாகவே வலித்தது.

"அதான் கிளெய்முன்னு பேரு வச்சிருக்காக போல" என்றாள் சுப்புத்தாய். "பண்ணுனாக் கிளம்பிற வேண்டியதுதான்."

"ஏ புள்ள, நீயும் வரணும்ல? நோயாளிக்குத் தொணைக்கு?"

"தொணைக்குக் கம்பெனியே மெட்ராஸ் வரைக்கும் ஒரு நர்ஸ அனுப்புதாம். என்னைய எப்படிங்க அனுப்புவாக? எனக்குத்தான் ஒரு நோவும் கெடையாதே."

நர்ஸ் என்றதும் அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் வந்தார். ஆறடி உயரம், கத்தை மீசை. பொன்னுத்துரையைக் குழந்தையைத் தூக்குவதுபோல ஒரே கையால் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்து வரைக்கும் கம்பளியைப் போர்த்திப் பட்டையால் கட்டினார்.

வழியனுப்ப எல்லாரும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுப்புத்தாய் புதுச் செருப்புப் போட்டிருந்தாள். இன்னும் இரண்டரை மாசம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு மிருகக்காட்சிச் சாலையைக் காட்டப்போகிறேன், அதற்கடுத்த வாரம் பினாங்கு என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் மச்சினன் வீட்டில்தான் பொன்னுத்துரை தங்கவேண்டும். உப்பில்லாக் கஞ்சிதான் தரவேண்டும் என்று சுப்புத்தாய் தன் அண்ணனுக்கு ஏற்கெனவே தந்தி அடித்துவிட்டாள்.

பொன்னுத்துரையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கம்பளிக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே விட்டு அவளைக் கிட்டே கூப்பிட்டார். மீசைக்கார நர்ஸுக்குக் கேட்காமல் காதோரம் சொன்னார்.

"அடியே, சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்லடி. நான் நடிச்சேன்."

சுப்புத்தாய் கம்பளியை அவர் தாடை வரைக்கும் இழுத்து ஒழுங்காகச் செருகிவிட்டாள்.

"தெரியுங்க. எப்ப விழுவீங்க, எப்ப விழுவீங்கன்னு பன்னெண்டு நாளா நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."